மருட்கையும் நகையும்: மென்பொருள் நிரலர்தம் நகைச்சுவை – ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

அறிவியல், தொழில்நுட்பச் செய்திகள் பொதுமக்களை வந்தடையும்போது பெரும்பாலும் வியப்பின் மொழியிலேயே வந்தடைகின்றன. உலகையே மாற்றப்போகும் கண்டுபிடிப்பு, மனித அறிவை விஞ்சும் கணினி என்பன போன்ற தொடர்கள் நாளிதழ் படிப்போர்க்குப் பழகியவை. அதே செய்தி அத்துறைக்குள் பணியாற்றும் மென்பொருள் நிரலரிடம் சென்று சேரும்போது பல வேளைகளில் சிரிப்பையே எழுப்புகிறது. ஒரே செய்தி புறத்தே நிற்பவரிடம் மருட்கையையும் அகத்தே நிற்பவரிடம் நகையையும் தோற்றுவிப்பது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் நகைக் கோட்பாட்டின் துணைகொண்டு இவ்வினாவிற்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுப் பொருள்

ஒரு பொதுக்கூறேனும் தம்முள் ஒத்திருக்கும் எக்குழுவும் வழக்காறு உடைய குழுவே என்பது அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஆலன் டண்டிஸ் நிறுவிய கருத்து. அவர் கார்ல் பாக்டருடன் இணைந்து 1975-இல் வெளியிட்ட நூல், அலுவலகங்களில் படியெடுத்துப் பரப்பப்பட்ட கேலிக் குறிப்புகளையும் படங்களையும் வழக்காறாகவே கொண்டு ஆராய்ந்தது. உழவர்க்கும் மீனவர்க்கும் தொழில்சார் வழக்காறு இருப்பதுபோல் நிரலர்க்கும் உண்டு என்பதற்கு இது முன்மாதிரியாகிறது.

நிரலர் நகைச்சுவையின் பெரும்பகுதி வாய்மொழியாகப் பிறந்து மறைவது. எனவே நாளும் ஆசிரியரும் தெளிவாக அறியப்பட்ட சில எழுத்துச் சான்றுகளும், பரவலாக வழங்கிய ஒரு வாய்மொழித் துணுக்கும் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை அமெரிக்க, ஐரோப்பியச் சூழலில் தோன்றியவை. இவற்றில் தமிழ் மரபைத் தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழ்க் கோட்பாடு ஒன்று புதிய பொருளின்மேல் எந்த அளவு ஒளிபாய்ச்சுகிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்று காண்பதே நோக்கம்.

மெய்ப்பாட்டியலில் நகை

எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாகத் தொல்காப்பியர் நிறுத்துவது நகை. அதற்கு அவர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். இகழ்ச்சியாகிய எள்ளலும், பிள்ளைத்தன்மையாகிய இளமையும், அறிவின்மையாகிய பேதைமையும், மடனும் அவை. இவற்றுள் பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறானவை. அறியாமல் தவறுவது பேதைமை. பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை எவ்விடத்தும் விடாமல் பற்றிநிற்பது மடன் என உரைமரபு விளக்குகிறது. அகப்பாடல்களில் மகளிர்க்குரிய பண்பாகப் பேசப்படும் மடம் வேறொரு சூழலுக்குரியது. நகைக்குக் களனாகும் மடனே இங்குக் கருதப்படுகிறது.

உரையாசிரியர் பேராசிரியர் மேலும் ஒரு நுட்பம் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுவதும் உண்டு. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவதும் உண்டு. நகைக்குரிய களன் பிறரிடத்தும் இருக்கலாம், தன்னிடத்தும் இருக்கலாம் என்னும் இப்பகுப்பு நிரலர்தம் நகைச்சுவையை அறியப் பெரிதும் துணைபுரிகிறது.

மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் புதுமையும் ஆக்கமும் அடங்கும். தொழில்நுட்பச் செய்திகள் பெரிதும் சார்ந்திருப்பவை இவ்விரண்டுமே. முன்பு இல்லாதது தோன்றிற்று என்பது புதுமை. ஒன்று வேறொன்றாக மாறிற்று என்பது ஆக்கம். ஆனால் கணினியின் உள்ளமைப்பை அறிந்தோர்க்கு அது மடனுக்கே தலைசிறந்த எடுத்துக்காட்டு. கற்பித்ததை விடாது பற்றுவதில் அதனை விஞ்சும் மாணாக்கர் இல்லை. கட்டளையில் ஓர் அரைப்புள்ளி பிழைபட்டால் நின்றுவிடுகிறது. கட்டளையே பிழையானால் அப்பிழையைச் செவ்வனே நிறைவேற்றுகிறது. கணினியின் தவறு பேதைமையின்பாற் பட்டதன்று, மடனின்பாற் பட்டது. இதனை நாள்தோறும் காண்பதனாலேயே நிரலரிடத்து மருட்கை நகையாகத் திரிகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

புறா சுமந்த தரவு

இணையத்தின் நெறிமுறைகளையும் அவைபற்றிய கருத்துகளையும் பதிவுசெய்யும் ஆவணங்கள் 1969 முதல் தொடர் எண் இடப்பெற்று வெளிவருகின்றன. கருத்துரை வேண்டல் என்னும் பொருள்படும் பெயரின் சுருக்கமாக இவை ஆர்.எஃப்.சி. என்று வழங்கப்படுகின்றன. இவ்வரிசையில் ஏப்ரல் முதல் நாளில் விளையாட்டு ஆவணங்களை வெளியிடும் வழக்கம் உண்டு. 1978-இல் வந்த 748ஆம் ஆவணம் இவ்வகையில் முற்பட்டது.

1990 ஏப்ரல் 1-இல் டேவிட் வெயிட்ஸ்மன் எழுதி வெளியான 1149ஆம் ஆவணம் இவற்றுள் புகழ்பெற்றது. இணையத் தரவுப் பொதிகளைப் புறாக்கள்வழி அனுப்புவதற்கான நெறிமுறையை அது வகுக்கிறது. பொதியைச் சிறு தாள்சுருளில் அச்சிட்டுப் பறவையின் காலில் ஒட்ட வேண்டும். மறுமுனையில் அதனை எடுத்து ஒளிவருடியால் படிக்க வேண்டும். புயலால் தரவு இழக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. மரக்கட்டையையும் பதிவேட்டையும் ஒருசேரக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சிலேடையாக ஆண்டு, பறவைகளின் எச்சத்தையே தணிக்கைத் தடமாக அது சுட்டுகிறது.

இங்கு நகை எதனின்று பிறக்கிறது? புறாவினின்று அன்று. ஆவணத்தின் நடை உண்மையான நெறிமுறை ஆவணத்தின் நடையினின்று சிறிதும் பிறழாமையே நகைக்குக் காரணம். பொருள் எத்தகையதாயினும் வடிவத்தை விடாத மடன் அது. தம் தொழிலின் எழுத்துமுறையே தம்மால் எள்ளப்படும்போது, பேராசிரியர் கூறும் தன்பால் தோன்றும் நகையாக அது அமைகிறது.

இவ்விளையாட்டிற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. 2001 ஏப்ரலில் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் இந்நெறிமுறையை உண்மையாகவே செயற்படுத்தினர். அனுப்பப்பட்ட ஒன்பது பொதிகளுள் நான்கிற்கே மறுமொழி கிடைத்தது. அவற்றுள் விரைந்து வந்தது ஏறத்தாழ 53 நிமிடங்களையும், காலந்தாழ்ந்து வந்தது ஒரு மணி 46 நிமிடங்களையும் எடுத்துக்கொண்டன. இம்முடிவுகளைக் கணினி தன் வழக்கமான முறைப்படி, ஆயிரத்தில் ஒரு நொடி என்னும் அலகில், புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் விடாமல் அறிக்கையிட்டது. புறாவின் பறத்தலை அத்துணை நுட்பமாக அளந்து தந்த அவ்வறிக்கை, ஆவணத்தை எழுதியவர் புனைந்தவற்றைக் காட்டிலும் நகைக்குரியது. கணினியின் மடன் தானே நகைச்சுவை ஆசிரியனாகிவிடும் இடம் இது.

தீமையை அறிவிக்கும் குறி

2003 ஏப்ரல் 1-இல் ஸ்டீவன் பெல்லோவின் எழுதிய 3514ஆம் ஆவணம் இன்னும் ஆழமானது. இணையப் பொதியின் தலைப்பகுதியில் பயன்படுத்தப்படாத ஒரு துணுக்கு இருந்தது. தீய நோக்குடன் அனுப்பப்படும் பொதிகள் அத்துணுக்கில் ஒன்று என்னும் மதிப்பை இட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் அத்தகைய பொதிகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஆவணத்தின் பரிந்துரை. பெல்லோவின் வலையமைப்புப் பாதுகாப்புத் துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

திருடன் தன்னைத் திருடன் என்று அறிவித்துவிட்டு வருவான் என நம்புவது பேதைமை. இப்பேதைமையை ஆவணம் யாருடையதாக ஆக்குகிறது? நல்லதையும் தீயதையும் கருவி தானே பிரித்தறியும் என விளம்பரப்படுத்துவோருடையதாகவும், அவ்விளம்பரத்தை நம்புவோருடையதாகவும் ஆக்குகிறது. பொதியின் நோக்கம் பொதியினுள் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே நோக்கத்தை வடிவத்தினின்று அறிய முயலும் எக்கருவியும் ஓரளவே வெற்றிபெறும். பல பக்கங்களில் விளக்கவேண்டிய இவ்வுண்மையை ஒரே ஒரு துணுக்கைக் கொண்டு ஆவணம் உணர்த்திவிடுகிறது. இயந்திரம் ஆக்கிய எழுத்திலும் படத்திலும் அதற்கான அடையாளம் இடப்பட வேண்டும் என்று இக்காலத்தில் கோரப்படுகிறது. ஏமாற்ற நினைப்பவன் அடையாளத்தை ஏன் இடுவான், இட்டதை ஏன் நீக்காமல் விடுவான் என்னும் வினாவை இவ்விளையாட்டு ஆவணம் முன்னரே எழுப்பிவிட்டது எனலாம்.

ஒளியை முந்திய செய்தி

2011 செப்டம்பரில் ஒபேரா ஆய்வுக்குழு ஒரு வியத்தகு முடிவை அறிவித்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் நிறுவனத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் வரை சுமார் 730 கி.மீ. தொலைவைக் கடந்த நியூட்ரினோக்கள், ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட ஏறத்தாழ 60 நானோ நொடி முன்னதாக வந்தடைந்ததாக அளவீடுகள் காட்டின. ஐன்ஸ்டீனின் கோட்பாடு வீழ்ந்துவிட்டதோ என ஊடகங்கள் வினவின.

அப்போது அறிவியலாளரிடையேயும் நிரலரிடையேயும் பரவிய துணுக்கு ஒன்றின் பொருள் இது: ஒளியை முந்தும் நியூட்ரினோவுக்கு இங்கே இடமில்லை என்று மதுக்கடைக்காரர் சொல்கிறார், பிறகுதான் நியூட்ரினோ ஒன்று கடைக்குள் நுழைகிறது. ஒளியை விரைவில் விஞ்சினால் விளைவு காரணத்தை முந்தக்கூடும் என்னும் சார்பியல் கருத்து இதில் தொடரமைப்பாகவே மாறியுள்ளது. மறுமொழி முன்னும் நிகழ்ச்சி பின்னுமாக நிற்கும் வைப்புமுறையே இங்கு நகையைப் பிறப்பிக்கிறது. கோட்பாட்டை அறியாதவர்க்கு இஃது இரு வாக்கியங்களின் இடமாற்றமாகவே தோன்றும். குழுவின் உள்ளே இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் பிரித்துக்காட்டும் தேர்வாகவும் நகைச்சுவை செயற்படுவதை இது புலப்படுத்துகிறது.

ராண்டல் மன்ரோ 2005 முதல் வரைந்துவரும் எக்ஸ்கேசிடி என்னும் கோட்டுச்சித்திரத் தொடர் இச்செய்தியை வேறுவகையில் எதிர்கொண்டது. அதில் வரும் மாந்தர் ஒருவர், இம்முடிவு நிலைக்கும் என்று மகிழ்வோரிடமெல்லாம் நிலைக்காது எனப் பந்தயம் கட்டுவதைத் தம் வழக்கமாகக் கூறுகிறார். செய்தியை மறுக்கவோ ஆய்வாளரை இகழவோ அவர் முயலவில்லை. வியத்தகு முடிவுகளுள் பெரும்பாலானவை பின்னர் வீழ்கின்றன என்னும் பட்டறிவே அங்குப் பேசுகிறது.

2012 பிப்ரவரியில் பிழைக்கான காரணம் வெளியாயிற்று. காலக் கணிப்புக் கருவியோடு இணைந்த ஒளியிழை வடம் சரியாகப் பொருந்தாமல் இருந்தது முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பழுதுநீக்குவோர் எக்கணினிக்கும் முதலில் கேட்கும் வினா, வடம் ஒழுங்காகச் செருகப்பட்டுள்ளதா என்பதே. அண்டத்தின் விதி பற்றிய மருட்கை இவ்வினாவில் வந்து முடிந்தமையால், தொழிற்குழுவின் நகை மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் நீதி கருதி ஒன்று கூறவேண்டும். தம் முடிவைத் தாமே ஐயுற்று, பிறர் ஆராயுமாறு திறந்துவைத்தவர்கள் ஒபேரா ஆய்வாளர்கள். வெளியிலிருந்து நகைத்தவர்களைக் காட்டிலும் அறிவியலுக்குப் பணிசெய்தவர்கள் அவர்களே.

நகைத்தபின் என்ன?

இவ்விடத்தில் நகையின் எல்லை பற்றிய வினா எழுகிறது. 2020-இல் வெளிவந்த எக்ஸ்கேசிடி சித்திரம் ஒன்று, இக்கால மென்பொருள் கட்டுமானம் முழுவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகளின் கோபுரமாகக் காட்டுகிறது. அடியில் ஒரு சிறு கட்டை முழுச்சுமையையும் தாங்குகிறது. நெப்ராஸ்காவில் யாரோ ஒருவர் 2003 முதல் நன்றி எதுவும் பெறாமல் பேணிவரும் திட்டம் அது என்று குறிப்புக் கூறுகிறது.

இச்சித்திரம் கற்பனையாக எழவில்லை. 2016 மார்ச்சில், பதினொரு வரிகளே கொண்ட ஒரு சிறு நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டமைக்க இயலாமற் போயிற்று. சித்திரம் வெளிவந்த மறு ஆண்டின் டிசம்பரில், மிகச் சிலரால் பேணப்பட்டு உலகெங்கும் பயன்பட்ட லாக்4ஜே என்னும் நிரல்தொகுதியில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியில் மறைவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. அதனைப் பேணிவந்தவர் களைத்திருந்த நிலையைப் பயன்படுத்தி, உதவுவார்போல் வந்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் வழியாக அது புகுந்தது. தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளரின் கூர்மையால் பேரிடர் தவிர்ந்தது.

ஒவ்வொரு நிகழ்ச்சியின்போதும் அக்கோபுரச் சித்திரம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டது, நிரலர் சிரித்தனர். கோபுரம் அவ்வண்ணமே நின்றது. தன்னைத் தான் எள்ளும் நகை நேர்மையின் அடையாளம் என்பது உண்மையே. குறையை ஒப்புக்கொண்டோம் என்னும் நிறைவைத் தந்து, அதனைக் களைய வேண்டிய கடமையை அந்நகை ஒத்திவைக்கவும் கூடும். கற்றதை விடாமை மடன் எனின், தவறென்று அறிந்து நகைத்தபின்னும் அதனை விடாமையை என்னென்பது? கணினியின் மடனை நகைத்தோர் தம்முடைய மடனையும் அதே சித்திரத்தில் கண்டிருக்க வேண்டும். நிதியும் ஆளும் ஒதுக்க வேண்டிய பெருநிறுவனங்களும் இச்சிரிப்பில் பங்குகொண்டன என்பதை நோக்க, இதனை வெறும் குழு வழக்காறாக மட்டும் கொண்டு அமைதியுற இயலவில்லை.

நகையை அறியாத வாசகர்

1998 ஏப்ரல் 1-இல் லாரி மாசின்டர் எழுதிய 2324ஆம் ஆவணம் காப்பிக் கலங்களை இணையவழி இயக்க ஒரு நெறிமுறை வகுத்தது. தேநீர்க் கலத்திடம் காப்பி கேட்டால் 418 என்னும் பிழை எண்ணை அது திருப்பித் தரவேண்டும் என்றது. நிரலர் பலர் விளையாட்டாக இவ்வெண்ணைத் தம் மென்பொருள்களில் சேர்த்தனர். அதன் பரவலை ஒப்புக்கொண்டு, 2022-இல் வெளியான 9110ஆம் ஆவணம் அவ்வெண்ணைப் பிற பயன்பாட்டுக்கு வழங்காது ஒதுக்கிவைத்தது. விளையாட்டு, விதியின் ஏட்டில் இடம்பெற்றுவிட்டது. இங்குத் தீங்கு எதுவுமில்லை. படித்தோர் அனைவரும் அதனை விளையாட்டு என அறிந்தவர்கள்.

2024 மே மாதத்தில் நிலை மாறிற்று. கூகுள் நிறுவனம் தன் தேடுபொறியில் செயற்கை நுண்ணறிவு தொகுத்தளிக்கும் விடைகளை அமெரிக்காவில் விரிவாக அறிமுகப்படுத்தியது. பீட்சாவில் பாலாடைக்கட்டி வழுக்காமலிருக்க நச்சற்ற பசையைச் சேர்க்கலாம் என ஒரு விடை கூறிற்று. பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ரெடிட் தளத்தில் வேடிக்கையாக எழுதிய குறிப்பே அதற்கு மூலம் எனக் கண்டறியப்பட்டது. நாள்தோறும் ஒரு சிறு கல்லையேனும் உண்ணலாம் என்ற மற்றொரு விடைக்கு, தி ஆனியன் என்னும் அங்கத இதழின் கட்டுரை மூலமாயிற்று.

மெய்ப்பாடு என்பது அகத்துணர்வு மெய்யின்கண் தோன்றுவது. நாம் கண்ட நிரலர் நகைச்சுவையோ முகத்தில் சிரிப்பைக் காட்டாதது. மெய்யான ஆவணத்தின் தோற்றத்தை முழுமையாகப் பூண்டு நிற்பது. இவ்வகையில் இது மெய்யிற் படாத நகை. மெய்ப்பாட்டியலின் நேர்ப்பொருள் இங்கு நின்றுவிடுகிறது என ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அவ்வியல் முடியுமிடத்தில் தொல்காப்பியர் கூறும் கருத்து இக்குறையை நிரப்புகிறது. கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளைத் தெளிதல் அரிது என்கிறார் அவர். நகைக்குரியதைப் படைப்பவர் மட்டுமன்றி, அதனை நகையென்று உணர்பவரும் தேவை. சொற்களை மட்டும் கற்று, அவை சொல்லப்பட்ட குரலையும் முகத்தையும் அறியாத இயந்திரம், எள்ளலை அறிவுரையாகக் கொண்டதில் வியப்பில்லை. கற்றதை விடாது பற்றிய அதே மடன்தான் அது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

தொழில்நுட்பச் செய்தி புறத்தாரிடம் புதுமையும் ஆக்கமும் காரணமாக மருட்கையைத் தோற்றுவிக்க, நிரலரிடம் மடன் காரணமாக நகையைத் தோற்றுவிக்கிறது. கருவியின் உள்ளமைப்பை அறிந்த அறிவே இத்திரிபுக்குக் காரணம்.

நிரலர்தம் நகைச்சுவையில் பிறர்பால் தோன்றும் எள்ளலைவிடத் தன்பால் தோன்றும் எள்ளலே மேலோங்கி நிற்கிறது. தீமைக்குறி ஆவணம் போன்ற சிறந்த சான்றுகளில் அது தொழிலின் மெய்யான குறையைச் சுட்டும் திறனாய்வாக உயர்கிறது.

அவ்வெள்ளல் குறையைக் களையும் செயலாகத் தானே மாறுவதில்லை. 2020-ஆம் ஆண்டுச் சித்திரமும் அதன்பின் நிகழ்ந்தவையும் நகையின் இவ்வெல்லையைக் காட்டுகின்றன.

மனித வாசகர் சூழலை நோக்கி நகையென அறிந்துகொண்டவற்றை இன்று இயந்திரமும் படிக்கிறது. மொழியின் மெய்ப்பாட்டை உணர்தல் இலக்கியக் கல்விக்கு மட்டும் உரிய நுட்பமாக இதுவரை கருதப்பட்டது. அந்நுட்பம் இல்லாவிடில் பசை உணவாகவும் கல் மருந்தாகவும் மாறும் என்பதைக் கணினித் துறையே மெய்ப்பித்துள்ளது. ஆதலின் நகை பற்றிய கோட்பாட்டினைக் கற்பிக்கும் நம் துறைகள், கணினி மொழியியலாளரோடு இணைந்து இப்பொருளை மேலும் ஆராய இடமுண்டு. அதற்கான தேவையும் உண்டு.